எற்பாட்டு வெளிச்சம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்களும் கதையாசிரியர்களும் பேசிச் சென்ற மேடையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைபவனுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நானும் செயலாளரிடம் அதையே கேட்டேன். "படம் எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டாம், பார்ப்பதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு வந்திருக்கிறேன்.

பார்ப்பது என்பது எழுத்தாளருக்கும் பொதுவான தொழில். புதுமைப்பித்தன் 1906-ஆம் ஆண்டு பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934-ஆம் ஆண்டு பிறந்ததும் இந்தக் கடலூரில்தான். நாம் நாள்தோறும் கடந்து போகிற மனிதர்களை அவர்கள் நின்று பார்த்தார்கள். அவர்களுடைய பேனா நம்முடைய பேனாவைவிட விலை உயர்ந்தது அன்று. கேமராவின் கதையும் அதுவே. ஆயினும் இந்தச் சிறிய உண்மையை உணர எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்தின் கதையைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

நான் தொழில்முறைப் படக்காரன் அல்லன்; பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எழுபதுகளில் என் கைக்கு முதலில் வந்தது அகஃபா கிளிக் 3 என்னும் பெட்டிக் கேமரா. ஒரு சுருளுக்குப் 12 படங்கள். உதகையில் அந்நாளில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருளை வாங்கினால், மாதச் சம்பளத்தில் அதன் பள்ளம் தெரியும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கு முன்னும் நூறு முறை யோசித்தேன். எதை யோசித்தேன் என்பதுதான் கேள்வி. இதழ்களின் அட்டையிலும் நாட்காட்டியிலும் வந்த படங்களை நினைத்துக்கொண்டு, அவற்றைப் போல ஒன்று அமையுமா என்று யோசித்தேன்.

பிச்சாவரம் சென்றால் இரு கரையிலும் சுரபுன்னை கவிந்த கால்வாய், நடுவே ஒரு படகு. 1975-இல் வெளிவந்த 'இதயக்கனி' அந்தக் காட்டைத் தமிழ்நாடெங்கும் காட்டிவிட்டது. அதன் பிறகு அங்கே போன நாங்கள் எல்லோரும் அந்தப் படத்தையே தேடிப் போனோம். காட்டைப் பார்த்தவர் குறைவு. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சென்றால் விடியற்காலை. கடலிலிருந்து எழும் சூரியன். அதன் முன்னே கரிய நிழலுருவாக ஒரு கட்டுமரமும் ஒரு மீனவரும். நம் கரை கிழக்கு நோக்கியது. ஆகையால் விடியலில் கடலைப் பார்த்துக் கேமராவைத் திருப்பினால், வானத்து ஒளிக்கு அளவு வைத்த மாத்திரத்தில் இடையில் நிற்பவர் எவரும் கறுத்துப் போவார். அதில் பெரிய திறமை ஒன்றும் தேவையில்லை. பார்ப்பவர்களோ "அடடா" என்பார்கள். அந்த "அடடா"வுக்காக நான் பல ஆண்டுகள் கோழி கூவுமுன் எழுந்தேன். இரவல் வாங்கிய கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை.

முதல் தட்டு எனக்குச் சிதம்பரத்தில் விழுந்தது.

தில்லைக் கோயிலின் நான்கு கோபுர வாசல்களிலும் நாட்டிய சாத்திரத்துக் கரணங்கள் சிற்பங்களாக நிற்பதை நீங்கள் அறிவீர்கள். கீழைக் கோபுரத்திலும் மேலைக் கோபுரத்திலும் அந்தச் சிற்பங்களோடு உரிய சுலோகங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு விடுமுறை நாள் நண்பகலில் கீழைக் கோபுர வாசலில் நின்று, இருட்டாக இருக்கிறதே என்று பிளாஷ் விளக்கைப் போட்டுச் சுருள் முழுவதையும் எடுத்துத் தீர்த்தேன். வாசலோரம் பூக்கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, "இந்நேரத்துல இதுங்க தூங்கும் தம்பி. காலையில வாங்க, ஒவ்வொண்ணா எழுந்திருக்கும்" என்றார். நான் சிரித்துவிட்டு வந்தேன். படங்கள் கழுவி வந்தபோது சிரிப்பு அடங்கியது. நேர் எதிரே பாய்ந்த விளக்கு, சிற்பத்தின் நிழலையெல்லாம் துடைத்துவிட்டிருந்தது. நிழல் போனால் புடைப்பு போயிற்று. புடைப்பு போனால் ஆட்டம் போயிற்று. மாவுப் பொம்மைகளைப் போல் இருந்தன.

பெரியவர் சொன்னபடி காலையில் போனேன். கிழக்கிலிருந்து சாய்வாக நுழைந்த வெயில் சுவரை உரசிக்கொண்டு சென்றது. ஒரு முழங்கையின் கீழே, ஒரு தொடையின் ஓரத்தில், நிழல் மெல்லிய கோடாக விழுந்தது. தூக்கிய பாதம் கல்லைவிட்டு வெளியே வந்தது. மறுபடியும் மறுபடியும் போனேன். மார்கழியில் கதிரவன் தென்கிழக்கே எழுவதால் வாசலின் வடபுறச் சுவருக்கு ஒளி கிடைக்கும். ஆனியில் வடகிழக்கே எழுவதால் தென்புறச் சுவரின் முறை. ஆருத்ரா தரிசனத்துக்கு ஒரு சுவர், ஆனித் திருமஞ்சனத்துக்கு மறு சுவர். மேலைக் கோபுரம் மாலைக்குக் காத்திருக்கும். ஒரு வாசலைப் பார்த்து முடிக்க ஓராண்டு வேண்டும் என்பதை எந்தக் கேமராப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. பூக்கட்டும் பெரியவர் சொன்னார். அவர் அங்கே நாள்தோறும் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் அவருடைய பயிற்சி.

அந்தச் சிற்பங்கள் இன்னொன்றையும் கற்பித்தன. கரணம் என்பது அசையாத நிலை அன்று. கையும் காலும் இயைந்து நிகழ்த்தும் ஓர் அசைவு என்பதை டாக்டர் பத்மா சுப்ரமணியம் தம் ஆய்வாலும் ஆட்டத்தாலும் நிறுவிக் காட்டினார். அப்படியானால் சிற்பி செய்தது என்ன? ஓடிக்கொண்டிருக்கும் அசைவிலிருந்து ஒரு கணத்தைத் தேர்ந்தான். அதைப் பார்த்தால் முன்னே நடந்ததும் பின்னே நடக்கப்போவதும் தெரியவேண்டும். பிரெஞ்சுப் படக்கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1952-இல் வெளியிட்ட நூலின் ஆங்கிலப் பெயரைத் 'தீர்மானிக்கும் கணம்' என்று தமிழில் சொல்லலாம். அவர் 1950 ஏப்ரலில் நமக்கு அருகே திருவண்ணாமலையில் இருந்தார். இரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமாக்கினார். பெரும்பாலும் ஒரே 50 மில்லிமீட்டர் லென்சைக் கொண்டே வாழ்நாள் வேலையைச் செய்தவர் அவர். அவர் தெருவில் தேடிய கணத்தை நம் சிற்பிகள் கல்லில் தேடியிருக்கிறார்கள் என்று கண்டபோது, கேமராவை நான் வெளிநாட்டுப் பொருளாகப் பார்ப்பதை விட்டேன்.

இவ்வளவும் கற்ற பிறகு என் கண் திறந்துவிட்டது என்றே நம்பினேன். ஒளி தெரிந்தது, நிழல் தெரிந்தது, கணம் தெரிந்தது. பரிசுகளும் வந்தன.

இங்கே இலக்கியத்தைத் துணைக்கு அழைக்க அனுமதியுங்கள். தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு மூன்று பொருள்களைச் சொல்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்நிலத்து மரமும் பறவையும் மக்களும் தொழிலும். உரிப்பொருள் அங்கே நிகழும் உணர்வு. படம்பிடிக்கக் கற்பவனுக்கு இதைவிடச் சிறந்த பாடத்திட்டம் எனக்குத் தெரியாது. எங்கே, எப்போது என்று கேள். யார், எது என்று கேள். பிறகு, அவர்களுக்கு என்ன நேர்கிறது என்று கேள். என் கடற்கரைப் படங்களில் நிலம் இருந்தது, பொழுது இருந்தது, கட்டுமரமும் வலையும் மீனவரும் இருந்தனர். மூன்றாவது இல்லை. அது இல்லை என்பதை நான் அறிந்த நாளைச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆழிப்பேரலை நம் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. தேவனாம்பட்டினம் பட்ட பாட்டை இந்த அவைக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்களில் பலர் அன்று அங்கே தோள் கொடுத்தவர்கள். நானும் போனேன். தோளில் கேமரா இருந்தது; அதை எடுக்கக் கை வரவில்லை. நாலைந்து நாட்கள் சென்றபின், நிவாரண முகாமில் அரிசி அளந்துகொண்டிருந்த என்னிடம் ஓர் அம்மாள் வந்து நின்றார்.

"ஐயா, நீங்கதானே எம்புள்ளையக் கட்டுமரத்து மேல நிக்கவெச்சுப் படம் எடுத்தீங்க? அது ஒண்ணு இருந்தாக் குடுங்க. வூட்ல இருந்ததெல்லாம் தண்ணி கொண்டுபோயிடுச்சி. அவம் படம் ஒண்ணுகூட இல்ல" என்றார்.

எனக்கு அந்தப் படம் நன்றாக நினைவிருந்தது. பரிசு பெற்ற படம் அது. எழும் கதிரவனுக்கு முன்னே, இடுப்பில் கைவைத்து, தோளில் வலையுடன் நிற்கும் சிறுவன். வீட்டுக்கு ஓடினேன். காகித உறைகளில் அடுக்கியிருந்த நெகடிவ்களை விளக்கொளியில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். கிடைத்தது. அன்று எடுத்த ஆறு படங்களும் கிடைத்தன. ஆறிலும் அவன் இருந்தான். ஒன்றிலும் முகம் இல்லை.

நெகடிவ் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒளி படாத இடம் பிலிமில் கண்ணாடியாகத் தெளிந்து கிடக்கும். வானம் அடர்ந்து கறுத்திருந்தது. அவன் நின்ற இடம் வெறும் கண்ணாடி. இருட்டறையில் எத்தனை இரவு உட்கார்ந்தாலும் அங்கிருந்து ஒரு கண்ணையோ மூக்கையோ மீட்க முடியாது, ஏனெனில் அங்கே எதுவும் பதியவே இல்லை. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான் என்பது எனக்கு நினைவு. அந்தச் சிரிப்பை நான் எடுக்கவில்லை. எனக்கு அன்று அது தேவைப்படவில்லை.

ஆறில் ஒன்றை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் வெகு நேரம் பார்த்தார். "நிக்கிறதப் பாத்தா அவந்தான்" என்றார். சற்றுக் கழித்து, குறை சொல்லும் குரலே இல்லாமல், "மொகந்தான் காணோம்" என்றார். படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளையின் பெயரை முதன்முதலாகக் கேட்டேன்.

நண்பர்களே, இன்றைய கைப்பேசி இருந்திருந்தால் நிழலைத் தானே தூக்கி முகத்தைக் காட்டியிருக்குமே என்று இளைஞர்கள் சொல்லக்கூடும். உண்மைதான், ஒரே காட்சியைப் பல அளவு ஒளியில் பதிந்து ஒன்றாகச் சேர்க்கும் வித்தை இன்றைய கைப்பேசிக்குத் தெரியும். ஆயினும், அந்த முகம் வேண்டும் என்று நினைப்பது யார்? அதை இயந்திரம் நினைக்காது. நானும் நினைக்கவில்லை.

நெய்தலுக்கு உரிய சிறுபொழுதாகத் தொல்காப்பியம் எற்பாட்டைச் சொல்கிறது. உரையாசிரியர் சிலர் வேறாகக் கொள்வர் எனினும், பகலின் கடைசிப் பகுதி, வெயில் சாயும் நேரம் என்பதே பெருவழக்கு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பாடமாகப் பல முறை நடத்திய இந்தச் செய்தியைக் கேமராவுடன் நான் ஒருநாளும் சேர்த்து எண்ணியதில்லை. அந்த அம்மாள் போனபின் ஒரு மாலையில் கரையில் உட்கார்ந்திருந்தேன். வெயில் எனக்குப் பின்னால், ஊர்ப்பக்கமிருந்து வந்தது. கடலை விட்டு ஊரை நோக்கி வருகிறவர்களின் முகங்களில் அது நேராக விழுந்தது. நெற்றிச் சுருக்கம் தெரிந்தது. கண்ணின் நிறம் தெரிந்தது. முகத்தைச் சற்றே திருப்பினால் கன்னத்தில் மெல்லிய நிழலும் தெரிந்தது. கீழைக்கரையில் விடியல் மனிதரைக் கறுப்பாக்கும். எற்பாடு மனிதரைக் காட்டும். முப்பது ஆண்டுகள் நான் தவறான பொழுதில் எழுந்திருக்கிறேன்.

அதன் பிறகு நான் போன நேரம் மாலை நாலரை மணி. புகைப்படம் எல்லாம் நீரில் போன வீடுகளுக்குச் சென்று, இருப்பவர்களை எடுத்தேன். பெயர் கேட்டு எடுத்தேன். அச்சிட்டுக் கொடுத்தேன். அந்தப் படங்களை எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. அவற்றைப் பார்க்கிற நண்பர்கள், "இவை உன் படங்கள் என்று பார்த்தவுடன் தெரிகிறது" என்கிறார்கள். தனிப்பார்வை வேண்டும் என்று தேடிய காலத்தில் அது கிடைக்கவில்லை. எதிரில் நிற்பவர் யார் என்று கேட்கத் தொடங்கிய பிறகு, கேளாமலே அது வந்து சேர்ந்தது.

இளைஞர்களுக்குச் சில பயிற்சிகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவதாக, உங்கள் தெருவில் ஓர் இடத்தைத் தேர்ந்து ஓராண்டு பாருங்கள். முதல் மாதம் கேமரா வேண்டாம். எந்தச் சுவரில் எப்போது வெயில் ஏறுகிறது, எந்தத் திண்ணையில் யார் வந்து அமர்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுத முடியாததை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று பொருள்.

இரண்டாவதாக, ஒரு லென்சோடு நில்லுங்கள். கைப்பேசியில் விரலால் இழுத்துப் பெரிதாக்காமல், காலால் நடந்து அருகே போங்கள். மதராஸ் அரசாங்கத்தின் படப்பதிவாளராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைப் பதிவு செய்யச் சுவரையொட்டி நகர்ந்து நகர்ந்து எடுத்தார். 21 அச்சுகளை ஒட்டிச் சேர்த்த அந்தச் சுருளின் நீளம் ஏறத்தாழ 19 அடி. பெருஞ்சுமைக் கருவியும் மெழுகுக் காகித நெகடிவும் கொண்டு அவர் நடந்தார். நமக்கு விரல் நகர்த்தவும் சோம்பல்.

மூன்றாவதாக, விசையை அழுத்துமுன் சட்டத்தின் நான்கு மூலைகளையும் பாருங்கள். நடுவில் இருப்பதை எவரும் பார்த்துவிடுவர். எதை வெளியே விடுவது என்பதை மூலைகளே கேட்கின்றன. வேண்டாத சொல்லை நீக்கத் தெரிந்த கவிஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்காவதாக, எடுக்கும் பொருளைப் பற்றிக் கற்றுக்கொள்ளுங்கள். மா. கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், தாவரவியல் படித்தவர், 1950 முதல் 1996-இல் மறையும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கைக் குறிப்புகள் எழுதியவர், தமிழிலும் எழுதியவர். பல கேமராக்களின் உறுப்புகளைத் தாமே பொருத்தி ஒரு கருவி செய்துகொண்டு, அதற்கு வேடிக்கையாகச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டு, கறுப்பு வெள்ளையிலேயே காட்டு விலங்குகளைப் பதிந்தார். அவருடைய யானைகள் வேறொருவர் எடுத்த யானைகளைப் போல் இராமைக்குக் காரணம் அந்தக் கருவி அன்று. யானையை அவர் அறிந்திருந்தார்.

கடைசியாக, பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். நன்றாக வந்தவற்றைப் பார்ப்பதில் பயன் குறைவு. தவறியவற்றைப் பாருங்கள். எதை எடுக்கத் தவறினோம் என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். அந்த ஆறு நெகடிவ்கள் இன்றும் என் மேசை அறையில் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பர் மாதத்தில், விளக்கில் பிடித்துப் பார்க்கிறேன். வானம் கறுப்பாக இருக்கிறது. அவன் நின்ற இடத்தின் வழியே விளக்கு தெரிகிறது.

இந்த வட்டம் பத்தாண்டுகளாகச் சொற்களால் முகங்களைக் காட்டி வருகிறது. அந்தப் பணி தொடரவேண்டும். விழா முடிந்ததும் வெளியே வாருங்கள்; வெயில் சாயும் நேரமாயிற்று. வந்திருப்பவர் அனைவரையும் சேர்த்து ஒரு படம் எடுக்க விரும்புகிறேன். எல்லோரும் மேற்கே பார்த்து நிற்கவேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.